திருகாணியை அடித்துத் திருப்பும் கருவி

துருப்பிடித்த நட் ஒன்று கழல மறுக்கிறது. மெக்கானிக் ஸ்பேனரைப் பொருத்தி முழு வலிமையோடு இழுத்துப் பார்க்கிறார், அசையவில்லை. உடனே சுத்தியலை எடுத்து ஸ்பேனரின் நுனியில் ஓர் அடி கொடுக்கிறார். நட் கழன்று விடுகிறது! அந்தச் சுத்தியலின் எடை அரைக் கிலோகூட இராது. மெக்கானிக்கின் இரண்டு கைகளும் உடல் எடையும் சேர்ந்து செய்யாததை அது எப்படிச் செய்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், தச்சர்களும் அலுமினிய வேலை செய்பவர்களும் இப்போது கையில் வைத்திருக்கும் 'இம்பாக்ட் டிரைவர்' என்ற கருவி உங்களுக்குப் புரிந்துவிடும். தமிழில் அதைத் 'தாக்குத் திருப்புளி' என்று சொல்லலாம். துப்பாக்கி போன்ற உருவம்; கைப்பிடியின் அடியில் ஒரு மின்கல அடுக்கு; மின்கம்பி கிடையாது. விசையை அழுத்தினால் முதலில் சாதாரணத் திருப்புளி போலச் சுழலும். திருகாணி மரத்தில் இறுகத் தொடங்கியதும் 'டர்ர்ர்' என்று ஓசை எழும். அந்த ஓசை கோளாறு அல்ல. கருவியின் உள்ளே இருக்கும் சுத்தியல் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உள்ளே என்ன நடக்கிறது? மோட்டார் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் மேல் கனமான எஃகு வளையம் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. இதுதான் சுத்தியல். தண்டில் V வடிவக் காடிகள் வெட்டப்பட்டு, அவற்றில் எஃகுக் குண்டுகள் இருக்கும். சுத்தியல் அந்தக் குண்டுகளின் வழியாகவே தண்டோடு தொடர்பு கொள்கிறது. பின்னால் ஒரு வலுவான சுருள்வில் அதை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். சுத்தியலின் முகத்தில் இரண்டு பற்கள்; அதன் எதிரே பட்டடை. பட்டடைக்கும் இரண்டு காதுகள் உண்டு. திருகாணியைத் திருப்பும் முனை இந்தப் பட்டடையில்தான் பொருத்தப்படுகிறது.

திருகாணி எளிதாகச் சுழலும்வரை பற்களும் காதுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். எதிர்ப்பு மிகுந்தவுடன் பட்டடை நின்றுவிடுகிறது. மோட்டாரோ நிற்பதில்லை. குண்டுகள் காடியில் உருள, சுத்தியல் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்குகிறது. பற்கள் காதுகளைத் தாண்டியதும் சுருள்வில் விடுபட்டு, சுத்தியலை முன்னே எறிகிறது. அரைச் சுற்று வேகமாகச் சுழன்று அடுத்த காதின் பக்கவாட்டில் ஓர் அறை! இப்படி நிமிடத்துக்கு 3000 அடிகளுக்கு மேல் விழுகின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அடி திருகாணியின் தலையில் நேராக விழுவதில்லை. சுழலும் திசையில் விழுகிறது. சுவரில் துளையிடும் 'ஹாமர் டிரில்' கருவியில் அடி முன்னோக்கி விழும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சுத்தியலின் நிறை 200 கிராம், ஆரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு வட்டத் தட்டாகக் கருதினால், நிலைமத் திருப்புத்திறன் ½ × 0.2 × 0.02² = 0.00004 கி.கி.மீ². மோதும் நேரத்தில் அது நொடிக்கு 200 ரேடியன் வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், கோண உந்தம் 0.008 அலகு. மிகச் சிறிய எண்தான். ஆனால் எஃகும் எஃகும் மோதும்போது இந்த உந்தம் முழுவதும் ஏறத்தாழ 0.0001 நொடியில் அழிந்துவிடுகிறது என்போம். 0.008-ஐ 0.0001-ஆல் வகுங்கள். 80 நியூட்டன் மீட்டர்! ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 8 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான திருப்பு விசை இது.

இதே 80 நியூட்டன் மீட்டரை ஒரு சாதாரண டிரில் கருவி தொடர்ந்து கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். நியூட்டனின் மூன்றாம் விதி சும்மா விடாது. அதே அளவு திருப்பு விசை எதிர்த்திசையில் கருவியைத் திருப்பும். கைப்பிடியை அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தால் 800 நியூட்டன் விசையால், அதாவது 80 கிலோ எடை அளவுக்கு எதிர்த்துப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு தாங்குமா? பெரிய டிரில் கருவி திடீரென்று சிக்கிக்கொள்ளும்போது கை முறுக்கிக்கொள்வது இதனால்தான்.

தாக்குத் திருப்புளியில் மோதும் கணத்தில் சுத்தியல் கைப்பிடியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கவில்லை. அடியின் எதிர்விசை சுத்தியலை நிறுத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. நம் கை தாங்க வேண்டியது, அடுத்த அடிக்காகச் சுத்தியலை மீண்டும் முடுக்கிவிடும் மோட்டாரின் எதிர்விசையை மட்டுமே. நொடிக்கு 50 அடிகள் என்றால் 50 × 0.008 = 0.4 நியூட்டன் மீட்டர். கைக்கு வருவது ஏறத்தாழ 400 கிராம் எடை! உண்மைக் கருவியில் சுத்தியல் சற்றுத் துள்ளும், சுருள்வில்லும் இழுக்கும். ஆகவே இது சில மடங்கு கூடலாம். அப்படியும் ஒரு கையால் பிடிக்கத்தக்கதே.

தரையில் இது வசதி. விண்வெளியில் இதுவே தேவை. எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர் ஒரு போல்ட்டைத் திருப்ப முயன்றால், போல்ட்டுக்குப் பதிலாக அவரே சுழலக்கூடும். அதனால் 1960-களின் நடுவில், அமெரிக்காவின் ஜெமினி திட்டத்துக்காக, வீரரைச் சுழற்றாமல் போல்ட்டைத் திருப்பும் கருவி ஒன்றை பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி செய்து கொடுத்தது. கம்பியில்லாக் கருவிகளை நாசாவே கண்டுபிடித்தது என்று சிலர் எழுதுவது சரியல்ல. இதே கம்பெனி 1961-லேயே நிக்கல் காட்மியம் மின்கலத்தில் ஓடும் டிரில்லை வெளியிட்டிருந்தது.

கருவியைப் பிடிக்கும் முறைக்கு வருவோம். முனை திருகாணியின் தலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும். விசையை மெல்ல அழுத்தித் தொடங்க வேண்டும். அடியைத் தாங்குவதற்கென்றே செய்த முனைகள் தனியாக விற்கின்றன. சாதாரண முனை உடைந்து தெறிக்கலாம் என்பதால் கண்ணாடி அணிவது அவசியம். உலோகத்தில் அடிக்கும்போது எழும் ஓசை செவிக்குக் கேடு செய்யும், காதடைப்பான் வேண்டும். சிறிய பித்தளைத் திருகாணி, மின்சார சுவிட்ச் பலகை போன்றவற்றில் இதைப் பயன்படுத்தாதீர்கள். 80 நியூட்டன் மீட்டருக்கு முன் அவை எம்மாத்திரம்?

இனி மின்கல அடுக்கு. '18 வோல்ட், 5 ஆம்பியர் மணி' என்று அதன் மேல் எழுதியிருந்தால், உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் ஐந்து ஐந்தாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. (சிலவற்றில் 20 வோல்ட் என்று இருக்கும். அது முழுமையாக மின்னேற்றிய, வேலை செய்யாத நிலையில் உள்ள மின்னழுத்தம். கலங்கள் அதே ஐந்துதான்!) ஆற்றல் 18 × 5 = 90 வாட் மணி, அதாவது 3,24,000 ஜூல். ஒரு திருகாணிக்கு 300 வாட் வீதம் 4 நொடி செலவானால் 1200 ஜூல். ஆக ஓர் ஏற்றத்தில் 270 திருகாணிகள்.

லித்தியம் அயனிக் கலம் 1991-ல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காகக் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் மின்னேற்றம் என்பது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து கிளம்பி, எதிர்மின்வாயில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே போய் அமர்வதுதான். காலிப் பேருந்தில் ஏறுவது போல முதலில் அவை விரைவாக அமரும்; இடம் குறையக் குறைய நெரிசல். எனவே மின்னேற்றி இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டை, அதாவது ஐந்தும் சேர்ந்து 21 வோல்ட்டை எட்டியதும், மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திவைத்து மின்னோட்டம் படிப்படியாகக் குறைய விடுகிறது. கடைசிச் சிறு பங்கு ஏறுவதற்கு நேரம் பிடிப்பது இதனால்தான்.

அயனிகள் அமர இடம் கொடுக்காமல் அவசரப்படுத்தினால் ஆபத்து. உறைநிலைக்குக் கீழே உள்ள குளிரில் மின்னேற்றினால், அவை அடுக்குகளுக்குள் நுழையாமல் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படியும். ஊசி போல வளரும் அந்தப் படிவு, மின்வாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் குறுக்குச் சுற்று ஏற்படும், தீயும் பிடிக்கலாம். நம் ஊரில் தொல்லை குளிரால் அல்ல, வெயிலால். மிகுந்த சூட்டில் மின்னேற்றினால் கலத்தின் உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து, அதன் ஆயுள் குறையும். கடினமாக வேலை செய்த அடுக்கை உடனே செருகினால் மின்னேற்றி விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பது பழுதல்ல. அடுக்கில் உள்ள வெப்ப உணரி "ஆறட்டும்" என்கிறது.

பழைய நிக்கல் காட்மியக் காலத்து வழக்கப்படி, முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் மின்னேற்ற வேண்டும் என்று இன்றும் சொல்வார்கள். லித்தியம் அயனிக் கலத்துக்கு அது வேண்டாம். பாதியில் ஏற்றுவதால் கெடுதல் இல்லை. அடி முட்டத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் அதைக் கெடுக்கும். பல மாதம் வேலை இல்லையென்றால் பாதி அளவு ஏற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். அந்தக் கம்பெனியின் மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்துங்கள். உப்பியோ கசிந்தோ இருக்கும் அடுக்கை மின்னேற்றக்கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கும்வரை, அதன் முனைகளில் மின்காப்பு நாடா ஒட்டி, தீப்பற்றும் பொருள்களுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.