கண்டு மகிழ்வோம், கவராமல் காப்போம்



நம் மலேசியத் திருநாட்டில் அரிய பறவைகளும் மீன்களும் மலர்களும் பல உள்ளன. அவற்றின் அழகைச் சுவைப்பது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

5 வெள்ளித் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே இருவாய்ச்சிப் பறவை காட்சி தரும். பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை அப்பிளவின் வழியே பழங்களை ஊட்டும். அது வேட்டைக்கு இரையானால், உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பசியால் வாடும்.

சரவாக்கின் இபான் மக்கள் இப்பறவையை மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, விழாக்களில் போற்றுவர். ஆயின், இதே இனத்தின் மற்றொரு வகைப் பறவைக்கு அலகின்மேல் திண்மையான கொம்பு உண்டு. அக்கொம்பில் சிற்பம் செதுக்குவதற்காகவே அதனைக் கொல்கின்றனர். அது மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் உள்ளதென 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் சிற்பக்கலையே! ஒன்று பறவையை வாழ விடுகிறது. மற்றொன்று அதன் உயிரையே விலையாகக் கேட்கிறது.

10 வெள்ளித் தாளில் இருப்பது ரஃப்லீசியா மலர். இதற்கு இலையில்லை, தண்டுமில்லை. காட்டுக்கொடி ஒன்றின் சாற்றை உறிஞ்சி வாழும். மொட்டு மலர்வதற்குப் பல மாதங்கள் ஆகும். மலர்ந்த பின்னரோ ஏறத்தாழ ஒரு வாரமே நிற்கும். அதன் அழுகிய இறைச்சி நாற்றம் நமக்கு வெறுப்பைத் தரலாம். ஆயினும், மகரந்தம் சுமக்கும் ஈக்களை அழைப்பது அந்நாற்றமே. காட்டிற்குச் செல்வோர் அறியாது மொட்டை மிதித்துவிட்டால், பல மாத வளர்ச்சி ஒரு நொடியில் பாழாகும்.

காட்டிற்குச் செல்ல இயலாதோர் வருந்த வேண்டா. வயல்களிலும் கால்வாய்களிலும் வாழும் சண்டை மீனை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். போத்தலில் அடைத்து, மோதவிட்டு மகிழ்வோரும் உளர். நீர்மேல் நுரைக்கூடு கட்டி, கீழே விழும் முட்டைகளை வாயால் கவ்விக் கூட்டில் சேர்த்துக் காப்பது ஆண் மீனேயாகும். தந்தையைப் பிடித்துச் சென்றால் முட்டைகளைக் காப்பார் யார்?

மாணவர்களே! கால்வாய் ஓரத்தில் பெற்றோருடன் பத்து நிமிடம் அமைதியாக நின்று பாருங்கள். கண்டதை வீட்டிற்கு வந்து வரையுங்கள். மீன் நீரில் இருக்கட்டும். அதன் அழகு உங்கள் தாளில் மலரட்டும். அழகை உண்மையாகச் சுவைப்பவர் அதனை அடுத்தவர்க்கும் விட்டுச் செல்வர்.