கடைக்கு மேலுள்ள சிறு வீடு: கண்டி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

கண்டி நகரத்தை நினைத்தபடி விரிக்க இடமில்லை. தெற்கே ஹந்தானை மலை, வடக்கே உடவத்தகெலே வனம், மூன்று பக்கம் மகாவலி, நடுவே வாவி. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. பழைய நகரப் பகுதியில் நினைத்த உயரத்துக்கு மாடி எழுப்பவும் முடியாது. மலைச்சரிவில் வீடு கட்டலாமே என்றால், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகள் எத்தனை உயிர்களைப் பறித்தன என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, நகருக்குள் ஒரு சிறு வீடு மறைந்தால் அதற்கு ஈடாக இன்னொன்று இலேசில் வராது. இது வீடில்லாதவரின் பிரச்சினை மட்டுமா? வியாபாரியின் பிரச்சினையும்தான் என்பதே எனது கருத்து.

கீழே கடை, மேலே குடும்பம் என்பது நமது நகரங்களின் பழைய முறை. இன்று யட்டிநுவர வீதி, டி.எஸ். சேனாநாயக்க வீதிப் பக்கம் நடக்கும்போது, மேல்மாடிகள் களஞ்சியமாகவும் டியூஷன் வகுப்பாகவும் உல்லாசப் பயணிகளின் அறைகளாகவும் மாறியிருப்பதை நான் அவதானிக்கிறேன்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, கடைக்கு மேலே 450 சதுர அடியில் 4 சிறு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒன்றாக்கி 1,800 சதுர அடியில் ஒரே வீடாகவோ விடுதியாகவோ மாற்றினால் வாடகை கூடலாம். ஆனால் 4 குடும்பங்கள் வெளியேறுகின்றன. அவர்கள் தினமும் பாணும் மருந்தும் கொப்பியும் வாங்கியவர்கள். உங்கள் கடைப் பையனும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் அக்குறணையிலோ கம்பளையிலோ குடியேறினால், காலையில் கட்டுகஸ்தோட்டை நெரிசலிலோ பேராதனை நெரிசலிலோ நிற்பார். மாலையில் பஸ்ஸைப் பிடிக்க நேரத்தோடு கிளம்புவார். அந்த நேரத்துக்கான நட்டம் வாடகைப் புத்தகத்தில் தெரியாது. ஒரு முதலாளி செய்தால் பாதிப்புச் சிறிது. வீதி முழுவதும் செய்தால், இரவு 7 மணிக்கே வீதி வெறிச்சோடிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் 1982ஆம் ஆண்டுத் திருத்தமும், பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அனுமதிப்பத்திரமின்றி அபிவிருத்தி வேலை செய்வதைத் தடுக்கின்றன. கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் அதில் அடங்கும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது வாகனத் தரிப்பிடம், வடிகால், காற்றோட்டம் ஆகியவற்றோடு, “இதனால் எத்தனை வீடுகள் குறைகின்றன?” என்ற கேள்வியையும் கட்டாயமாக்கினால் என்ன?

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 2021இல் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. பில்சன் உட்பட இரு பகுதிகளில், பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தைத் தனி வீடாக மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே பகுதிகளில் இரண்டு குடும்பக் கட்டடமொன்றை இடிப்போரிடம் 15,000 டொலர் மேலதிகக் கட்டணம் அறவிடவும் தீர்மானித்தது. ஸ்பெயினின் பார்சலோனா நகரம், 10,000க்கு மேற்பட்ட உல்லாசப் பயண வீடுகளின் அனுமதிகளை 2028இல் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவித்தது.

நமது அனுபவம்

விதி என்றதும் வீட்டுச் சொந்தக்காரர்கள் அஞ்சுவதற்குக் காரணமுண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. வாடகைக்காரரை எழுப்புவதையும் மிகக் கடினமாக்கியது. வாடகைக்குக் கொடுப்பதையே பலர் தவிர்த்தார்கள். வாடகைக்காரரைக் காக்க வந்த சட்டம் வாடகை வீட்டைக் குறைத்தது. 1980, 2002 திருத்தங்கள் ஓரளவு தளர்வு தந்தன.

இதிலிருந்து நான் பெறும் பாடம்: விதி வீடுகளின் எண்ணிக்கையைக் காக்கட்டும், வாடகையைச் சந்தை தீர்மானிக்கட்டும். அதற்கு மூன்று யோசனைகள்:

1. சிறு வீட்டை அகற்றுபவர் அதே கட்டடத்திலோ அருகிலோ அதே எண்ணிக்கையில் வீடு தரவேண்டும். அல்லது அதற்கென ஒரு நிதியத்துக்குப் பணம் கட்டவேண்டும்.

2. சிறு வீடுகளை வைத்திருப்பவருக்கு வாகனத் தரிப்பிட விதியில் சலுகை வேண்டும். மோட்டார் கார் இல்லாத குடும்பத்துக்குத் தரிப்பிடம் கேட்பது, அந்த வீட்டையே கட்டாதே என்பதற்குச் சமம்.

3. வீட்டுக்குத் தனிப் படிக்கட்டும் தீ விபத்தில் தப்பும் வழியும் கட்டாயமாக வேண்டும். யட்டிநுவர வீதிக் கட்டடமொன்றில் ஏற்பட்ட தீ இதனை நமக்கு உணர்த்தியது.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடத்தைத் திருத்துமுன் நகர அபிவிருத்தி அதிகார சபையில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி பற்றி விசாரியுங்கள். மேல்மாடியில் ஒரு பகுதியையாவது ஊழியர் குடும்பத்துக்கோ சிறு குடும்பத்துக்கோ ஒதுக்க முடியுமா என்று கட்டட வரைஞரிடம் கேளுங்கள். வர்த்தக சங்கங்கள் மேற்கூறிய யோசனைகளை எழுத்தில் மாநகர சபைக்கு அனுப்பட்டும். வியாபாரிகள் வாய் திறக்காவிட்டால், விதியை எழுதுபவர்கள் கடையைப் பற்றி அறியாதவர்களாகவே இருப்பார்கள்.