கொல்லாது விலக்கும் பூச்சு

கரையில் ஏற்றிக் கவிழ்த்த தோணியின் அடியிலே ஒட்டிக்கிடக்கும் கொட்டலசுகளைச் சுரண்டியெடுக்கும் காட்சியைக் கடற்கரையூர்களிற் பிறந்தோர் பலரும் கண்டிருப்பர். தோணிக்கு ஒரு கத்தியும் ஒரு பகற்பொழுதும் போதும். மாதக்கணக்கில் கடலிலேயே மிதக்கும் பெருங் கப்பலுக்கு யாது செய்வது? இவ்வினாவுக்கு மனிதன் விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

தூய பலகையொன்றைக் கடலில் இட்டால், நீரிலுள்ள சேதனப் பொருள்கள் சில நிமிடங்களுள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அடுத்துப் பற்றீரியாக்களும் நுண்பாசிகளும் ஏறி வழுவழுப்பை உண்டாக்குகின்றன. பின்னர்ப் பாசிகளின் வித்திகளும் மட்டி, கொட்டலசு முதலியவற்றின் குடம்பிகளும் வந்து சேர்கின்றன. கொட்டலசின் குடம்பி இடம் பார்த்தே குடியேறுவது. தன் உணர்கொம்புகளால் மேற்பரப்பின்மீது நடந்து, தக்க இடம் கண்டதும், பசை சுரந்து தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஆயுள் முழுவதும் அவ்விடம் விட்டு நீங்காது. இவ்வாறு அடிப்புறம் கரடுமுரடாகிய கப்பலின் வேகம் குன்றும். எரிபொருட் செலவு பெருகும்.

மனிதன் முதலிற் கண்ட சிறந்த காவல் செப்பு. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையினர் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடியிற் செப்புத் தகடு வேய்ந்தனர். உயிரினங்கள் ஒட்டவில்லை, ஆயின், செப்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயின. செப்பும் நாளடைவிற் கடல்நீரிற் கரைந்தது. அதனைத் தடுக்கக் கருதிய சேர் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி, 1824ஆம் ஆண்டளவில், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் துண்டுகளைச் செப்போடு பொருத்தினார். செப்புக் கரைவது நின்றது. ஆனால், கொட்டலசும் பாசியும் முன்போல் ஒட்டத் தொடங்கின. இதனால் விளங்குவது யாது? செப்புத் தகடு காவல் செய்தது தன் உறுதியினால் அன்று, கரைந்து நஞ்சாகியமையினாலேயே.

அவ்வழியிலேயே சென்ற மனிதன், 1960களிலிருந்து ரைபியூட்டைல் ரின் எனப்படும் வெள்ளீயச் சேர்வையைக் கப்பற் பூச்சிற் கலந்தான். ஒட்டுவன மடிந்தன, கப்பலுடையோர் மகிழ்ந்தனர். ஆயின், நஞ்சு கப்பலோடு நின்றுவிடவில்லை. பிரான்சு நாட்டின் ஆர்க்கசோன் குடாவிலே சிப்பி வளர்த்து வாழ்ந்தோர், 1970களின் பிற்பகுதியிற் சிப்பிக் குஞ்சுகள் தோன்றாமையையும், வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தமையையும் கண்டு கலங்கினர். கப்பல் எவருடையதோ, இழந்த பிழைப்பு இவர்களுடையது. ஓர் இலீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்களவான இந்நஞ்சே, ஒருவகைக் கடல் நத்தையின் பெண்ணினத்தில் ஆணுறுப்புத் தோன்றச் செய்யப் போதுமானதாயிற்று. 1982இல் பிரான்சு, 25 மீற்றருக்குட்பட்ட படகுகளில் இப்பூச்சைத் தடைசெய்தது. 2001இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து, எல்லாக் கப்பல்களிலும் அதனை விலக்கியது.

இனிச் செய்யத்தக்கது யாது? கொல்லாமல் ஒட்டவிடாது தடுப்பதே. சிலிக்கன் றப்பர்ப் பூச்சுக்கள் இந்நோக்குடன் எழுந்தவை. இவற்றின் மேற்பரப்பில் நீர் பரவாது திரண்டு நிற்பதுபோல, பசையும் நன்கு பற்றுவதில்லை. மேலும், பூச்சு மென்மையாகவும் மீள்தன்மை உடையதாகவும் இருப்பதால், ஒட்டியது ஓரத்திலிருந்து உரிந்து போகின்றது. கப்பல் விரைந்து செல்லுங்கால் நீரோட்டமே அதனைக் கழுவி விடுகின்றது. நஞ்சு எதுவும் வேண்டுவதில்லை. 1990களிலிருந்து விரைவுக் கப்பல்கள் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கின.

பிறிதொரு வழியைச் சுறாவின் தோல் கற்பித்தது. அதன் நுண்ணிய செதில் வரிகளைக் கண்ட புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தனி பிறெனன், ஒரு மில்லிமீற்றரின் 500இல் ஒரு பங்கு அகலமுள்ள வரிகளை றப்பரிற் பதித்தார். வழவழப்பான அதே றப்பரோடு ஒப்பிடுகையில், பச்சைக் கடற்பாசியின் வித்திகள் இதன்மேற் குடியேறுவது ஆய்வுகூடத்தில் 86 வீதம் குறைந்தது.

இவ்வழிகள் குறையற்றன என்று கூறுவோமாயின் அது பொய்யாகும். றப்பர்ப் பூச்சு எளிதிற் கீறுபடும். துறைமுகத்தில் நெடுநாள் கிடக்கும் கப்பலுக்கு நீரோட்டத்தின் உதவி இல்லை. நுண்பாசியின் வழுவழுப்பு விரைவுக் கப்பலிலும் எஞ்சி நிற்கும். செப்புக் கலந்த பூச்சுக்கள் இன்றும் பெருவழக்கிலுள்ளமைக்கு இவையும் காரணமாம்.

ஆயினும், நோக்கு மாறிவிட்டது. 'இவ்வுயிரை எதனாற் கொல்லலாம்?' என்று வினாவிய காலத்தில் நமக்குக் கிடைத்தது நஞ்சு. 'இது எவ்வாறு ஒட்டுகின்றது?' என்று வினாவிய பின்னரே கிடைத்தது அறிவு. ஆய்வுத்துறையிற் புகும் நம் மாணவர், ஒரு தீர்வைக் கண்டவுடன் மகிழாது, அதன் பயன் எவரைச் சேரும், அதன் கேடு எவரைச் சேரும் என இரண்டையும் ஒருங்கே ஆராய்வாராக. ஆர்க்கசோன் குடா நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாம்.