கார் முன்னால் கம்பி: யாருக்குப் பாதுகாப்பு?



மேலூர் ரோட்டைக் கடக்கும்போது கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? சில கார்களின் முன்னால் பளபளவென்று இரும்புக் கம்பியை வளைத்து மாட்டியிருப்பார்கள். அதைப் பம்பர் கம்பி என்போம். 'புல் பார்' என்றும் சொல்வார்கள். மாட்டுத்தாவணியில் வாடகைக்கு ஓட்டும் எங்கள் சித்தப்பா காரிலும் அது இருக்கிறது. "எங்க இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுத்தா" என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன மாதம் எஃப்.சி.க்குப் போவதற்கு முதல் நாள் சித்தப்பா அந்தக் கம்பியைக் கழற்றினார். எஃப்.சி. முடிந்து வந்ததும் திரும்ப மாட்டினார். "ஏன் சித்தப்பா?" என்று கேட்டேன். "அது இருந்தா பாஸ் பண்ண மாட்டாங்கத்தா" என்றார்.

பாதுகாப்பான பொருள் என்றால் ஏன் பாஸ் பண்ண மாட்டார்கள்? எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டும், படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கார் ஏன் நசுங்க வேண்டும்?

வைக்கோல் போரில் குதித்தால் வலிக்காது. சிமெண்டுக் களத்தில் குதித்தால் கால் பிசகிவிடும். காரணம் என்ன? வைக்கோல் அமுங்கி அமுங்கி நம்மை மெதுவாக நிறுத்துகிறது. நிற்பதற்கு ஆகும் நேரம் கூடினால் நம் மேல் விழும் விசை குறையும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் மோதினால் முன்பக்கம் நசுங்கும்படியேதான் இந்தக் காலத்துக் கார்களைச் செய்கிறார்கள். அதுதான் காருக்கு வைக்கோல் போர் மாதிரி. கம்பியை அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், நசுங்க வேண்டிய இடம் சரியாக நசுங்காது. அடி நேராக உள்ளே இருப்பவர்களுக்குப் போகும். மோதியதும் விரிய வேண்டிய ஏர்பேக் கூடச் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். வண்டி தப்பிக்கும், ஆள் தப்பிப்பது சந்தேகம்!

சட்டம் என்ன சொல்கிறது?

1. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும், கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது.

2. 2017 டிசம்பரில், இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது.

3. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனியின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புக் கூறியது.

4. 2019-ல் திருத்திய சட்டத்தில் 182-அ என்ற பிரிவு வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

5. 2021-ல் நம் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலேயே உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இந்தக் கம்பிகளை அகற்ற உத்தரவிட்டது.

அப்படியென்றால் எல்லா மாற்றமும் தப்பா?

இல்லை. கால் நடக்க முடியாதவர்கள் ஸ்கூட்டரில் பக்கத்துச் சக்கரம் வைத்து ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியை மாற்றிக்கொள்ள அதே பிரிவு 52 இடம் தருகிறது. அனுமதி பெற்று கேஸ் கிட் போடலாம். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆக, சட்டம் "எதையும் தொடாதே" என்று சொல்லவில்லை. "கேட்டுவிட்டுச் செய்" என்கிறது.

நான் செய்து பார்த்த சோதனை

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கார் வாசலில் நின்றது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியை அதன் முன்னால் நிற்க வைத்தேன். மேல் கம்பி அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கம்பி இல்லாத கார் இடித்தாலும் அடிபடும்தான். ஆனால் பிளாஸ்டிக் பம்பரும் தகரமும் கொஞ்சமாவது அமுங்கிக் கொடுக்கும். இரும்பு கொடுக்காது. ரோட்டில் நடந்து போகிற நமக்கு சீட் பெல்ட்டும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "காசு போட்டு மாட்டினதுத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னும் கழற்றவில்லை. நானும் விடவில்லை. தினமும் கேட்கிறேன்.

தோழர்களே, தோழிகளே! உங்கள் வீட்டில், தெருவில் இப்படிக் கம்பி மாட்டிய கார் இருந்தால் ஒரு சின்னப் பிள்ளையை அதன் முன்னால் நிற்க வைத்துக் காட்டுங்கள். எஃப்.சி. காட்ட ஒரு நாள் கழற்றுகிறோமே, நம் தம்பி தங்கைகளுக்காக ஒரேயடியாகக் கழற்றக் கூடாதா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி