இருளில் ஒளிப்படம்

வாக்காளர் அட்டையில் உள்ள சிறு படத்தைத் தவிர என் அம்மாவுக்குத் தனிப்படம் கிடையாது. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று, வாசலில் அகல் ஏற்றிய அவரைக் கைபேசியில் படம் எடுத்தேன். பிளாஷ் மின்னியது. முகம் சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்தது. பின்னால் தெருவின் தீப வரிசை இருளில் மூழ்கிற்று.

காரணம் நம் பாடநூலிலேயே உள்ளது. ஒளிச்செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். 1 மீட்டரில் கண் கூசும் பிளாஷ் ஒளி, 4 மீட்டரில் 16-இல் ஒரு பங்கே.

ஆகவே இரவில் வேண்டுவது பிளாஷ் அன்று, நேரம். ஷட்டர் 1/30 வினாடிக்குப் பதில் 1 வினாடி திறந்திருந்தால் 30 மடங்கு ஒளி சேரும். ஆனால் கை நடுங்கினால் படம் கலங்கும். முக்காலி வேண்டும், இல்லையேல் திண்ணையும் போதும். பொத்தானை அழுத்தும் அதிர்வைத் தவிர்க்க 2 வினாடி டைமர் வைக்கலாம். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் நேரம் குறையும்; படத்தில் புள்ளிகள் மிகும்.

நிலவு மட்டும் விதிவிலக்கு. அது வெயில் பட்ட பாறை! முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, துளை எப்/11 எனில் 1/100 வினாடியே போதும்.

மறுநாளும் அகல் ஏற்றினோம். கைபேசியைத் திண்ணையில் நெற்படி மீது சாய்த்து, 1 வினாடி வைத்தேன்.

"அசையாம இரும்மா."

"எண்ணெய் வழியுதுடா!"

எண்ணெய் ஊற்றிய கை கலங்கிவிட்டது. முகத்திலோ அகலின் மஞ்சள் ஒளி அப்படியே இருக்கிறது. அப்படம்தான் இன்று எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளது. நண்பர்களே, நீங்களும் முயன்று பாருங்கள்.