கொட்டகைக்குள் ஒரு கோழிக்கூடு

திரிங்காப்

அன்பு மகளுக்கு,

பழைய மாட்டுக் கொட்டகையில் கோழிக்குஞ்சு வளர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் குளிருக்குப் பயந்து சுற்றிலும் பிளாஸ்டிக் விரிப்பு அடித்து, இண்டு இடுக்கு விடாமல் மூடப்போகிறாயாமே, அதை மட்டும் கைவிடு. வளர்ந்த கோழிக்கு நம் மலைக்குளிர் ஒன்றும் செய்யாது. அடைத்த கொட்டகையின் ஈரக்காற்றுதான் எமன்.

குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். இங்கே விடியற்காலையில் 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். அதற்காகக் கொட்டகை முழுவதையும் சூடாக்காதே. தரையில் அட்டையை வளைத்து ஒரு வட்டம் கட்டு. மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். வட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் வெப்ப விளக்கைத் தொங்கவிடு. சூடு போதுமென்றால் அவையே மறுபக்கம் போய்விடும். வாரம் 3 பாகை குறையும்படி விளக்கை உயர்த்திக்கொண்டே வா. வெப்பமானியை நம்புவதைவிடக் குஞ்சுகளைப் பார்: விளக்கடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது, ஓரமாய் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. ஆங்காங்கே பரவிக் கிடந்தால் நீ நிம்மதியாகத் தூங்கலாம். விளக்கைச் சங்கிலியில் கட்டு. மின்கம்பியை நம்பித் தொங்கவிட்டால், விழுந்த வேகத்தில் கொட்டகையே எரிந்துவிடும்.

அடைக்கோழி ஒன்று கிடைத்தால் இந்த வம்பே இல்லை. அதன் சிறகுக்கு ஈடான விளக்கை நான் பார்த்ததில்லை.

தரையில் மரச்சீவலோ உமியோ மூன்று விரல் உயரத்துக்குப் போடு. செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுபோகும். நனைந்த இடத்தை அன்றே அள்ளிவிடு. ஈரத்தரையில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி நோய் பரப்பும் நிலைக்கு முதிரும். கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மேலே போக, கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் திறப்பு விடு. காற்று கோழியின் தலைக்கு மேலே ஓட வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலையில் கோழி உயரத்துக்குக் குந்தி மூச்சை இழு. உன் கண் எரிந்தால் அவற்றுக்கும் எரிகிறது. பூச்சிமருந்துக் கலன்கள் அந்தக் கொட்டகையில் இருந்தால் முதலில் அவற்றை வெளியேற்று. அள்ளிய எருவைப் பச்சையாகக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதே, மக்கவிடு. இங்கே ஈத்தொல்லை எதனால் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோழிவலையை முசாங் என்னும் மரநாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை வாங்கி, அடிப்பக்கத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதை.

தடுப்பு மருந்தைத் தள்ளிப்போடாதே. மலாய்க்காரர்கள் சம்பார் என்றும் நாம் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லும் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். இதற்கு வழி கண்டவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 1980-களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஐனி இடெரிஸ், லத்திஃப் இப்ராஹிம் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவிழ்த்துவிட்ட கோழியை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? அந்தச் சிரமத்தை உணர்ந்து செய்த வேலை அது. உனக்கு எந்த மருந்து, எந்த வயதில் என்பதைக் கால்நடை அலுவலகத்தில் கேள். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும், கலக்கிய பின் சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்.

எத்தனை குஞ்சு வாங்கப்போகிறாய் என்று நீ எழுதவில்லை. பெரிய கோழி ஒன்றுக்குக் கூட்டுக்குள் நான்கு சதுர அடி, உட்காரும் கட்டையில் ஒரு சாண் இடம் வேண்டும். கொட்டகையை அளந்து எழுது. முட்டைப்பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
பெரியப்பா