வேரும் காற்றும்

பிலிப்பைன்ஸ் முதலிய தென்கிழக்காசிய நாடுகளின் காடுகளில், மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடிகளுள் பெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் ஒன்று. பஞ்சு போன்ற உறை பூண்ட அதன் வேர்கள் மழைநீரை உறிஞ்சிக்கொண்டு, பின்னர்க் காற்றில் உலரும். நீரைப் போலவே காற்றும் அவ்வேர்களுக்கு இன்றியமையாதது.

இச்செடியை வீட்டில் வளர்ப்போர் பலர். தொட்டியில் நீர் தேங்கினால் காற்றுப் புகாது; வேர் அழுகும். அழுகிய வேர் நீரை ஏற்காது. ஆதலின் இலைகள் வாடிச் சுருங்கும். கண்டோர், செடி நீரின்றி வாடிற்று எனக் கருதி, மேலும் நீர் வார்ப்பர். அவ்வன்பே செடிக்குக் கூற்றாகும்.

ஆகவே, இலை வாடியவுடன் வேரை நோக்குதல் வேண்டும். பசுமையாகவோ வெண்மையாகவோ உறுதியுடன் இருப்பவை நல்ல வேர்கள். பழுப்பேறிக் குழைந்தவை அழுகியவை. செடியை மெல்ல எடுத்து, அனலிற் காட்டித் தூய்மை செய்த கத்தரிக்கோலால் அழுகியவற்றை முற்றும் களைக. வெட்டிய இடம் உலர்ந்தபின், துளைகளுள்ள தொட்டியில் புதிய மரப்பட்டைத் துண்டுகளும் கரித்துண்டுகளும் இட்டு நடுக. வேர் வெள்ளி நிறம் அடைந்த பின்னரே நீர் விடுக. குருத்தில் நீர் தங்கவிடலாகாது.

நல்ல வேர் சில எஞ்சியிருப்பினும் செடி பிழைத்தல் கூடும். புதுவேர் அரும்பச் சில திங்கள் ஆகலாம். அதுவரை பொறுத்தல் வேண்டும். உயிரின் இயல்பறிந்து, அளவறிந்து உதவுதலே பேணுதல் ஆகும்.